மாற்றுத்திறனாளிகளை விலக்காத ஆய்வைத் திட்டமிடுவது எப்படி?

மருத்துவ ஆய்விலும் தகவல் தொழில்நுட்ப ஆய்விலும் மாற்றுத்திறனாளிகளுக்கு நேரும் அநீதி பெரும்பாலும் தீய எண்ணத்தால் நேர்வதில்லை. ஆய்வில் யாரைச் சேர்க்கக் கூடாது என்று கூறும் விலக்கு விதிகளில் சேர்க்கப்பட்ட ஒரு வரி, வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்காமல் விடப்பட்ட ஒரு வரி, தரவைச் சீர்செய்யும்போது ‘பொருந்தாதவை’ என்று நீக்கப்பட்ட சில பதிவுகள் ஆகியவையே அதற்குப் போதுமானவை. முன்மொழிவின் அறநெறிப் பகுதியில் சமத்துவத்தைப் பற்றியும் கண்ணியத்தைப் பற்றியும் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், ஆய்வுக்குள் யார் வர முடியும் என்பதை உண்மையில் தீர்மானிப்பவை இந்தச் சிறு வரிகள்தாம். ஆகவே, ஓர் ஆய்வைத் திட்டமிடுபவர் எந்தெந்த வரியை எழுதும்போது நிறுத்தி யோசிக்க வேண்டும் என்பதையே இங்கே விளக்குகிறேன்.

வரலாற்றுப் பின்னணி

இன்று ஆய்வாளர்கள் கடைப்பிடிக்கும் விதிகளில் பல, மாற்றுத்திறனாளிகள்மீது நடத்தப்பட்ட கொடுமைகளுக்குப் பின்னரே உருவாயின. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த வில்லோபுரூக் அரசுப் பள்ளியில், அறிவுசார் குறைபாடு கொண்ட குழந்தைகளுக்கு 1950களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ 1970 வரை கல்லீரல் அழற்சிக் கிருமி வேண்டுமென்றே செலுத்தப்பட்டது. பெற்றோரின் ஒப்புதல் பெறப்பட்டிருந்தது என்பது உண்மை. ஆனால் இடநெருக்கடியால் பொதுச் சேர்க்கை நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் ஆய்வுப் பிரிவில் மட்டும் இடம் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வேறு போக்கிடம் இல்லாத பெற்றோர் இட்ட அந்தக் கையெழுத்தின் மதிப்பு விளங்கும். அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் 1966இல் வெளியிட்ட கட்டுரையில், அறநெறி மீறிய 22 ஆய்வுகளுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார். பின்னர் 1979இல் அமெரிக்காவில் வெளியான பெல்மான்ட் என்ற ஆய்வு அறநெறி அறிக்கை மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று அடிப்படைகளை வகுத்தது. ஆய்வின் சுமையை ஒரு சாராரும் பயனை வேறொரு சாராரும் பெறக்கூடாது என்பதே அங்கே நீதி என்று குறிக்கப்பட்டது.

இதற்குப் பின் நடந்தது எதிர்பாராத ஒன்று. சுரண்டலிலிருந்து காப்பதற்காக உருவான விதிகள், நாளடைவில் மாற்றுத்திறனாளிகளை ஆய்விலிருந்து வெளியே நிறுத்தும் வேலியாகவும் பயன்பட்டன. ‘பலவீனமான பிரிவினர்’ என்று ஒரு சொல்லில் அடக்கிவிட்டு, அவர்களைச் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பு என்று கருதும் வழக்கம் வேரூன்றியது. விளைவாக, உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது உலக மக்கள்தொகையில் 16 விழுக்காட்டினர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கையில், அவர்களுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் பலவும் அவர்களைச் சேர்க்காமலேயே சோதிக்கப்பட்டவை. அவர்களுள் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாக இறக்கின்றனர் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இரு பக்கத்தையும் பேசுகிறது: சுதந்திரமான ஒப்புதலின்றி யாரையும் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று 15ஆம் பிரிவும், பாகுபாடின்றி உயர்ந்த நலவாழ்வைப் பெறும் உரிமை உண்டு என்று 25ஆம் பிரிவும் கூறுகின்றன. மருத்துவ ஆய்வின் அறநெறிக்காக உலக மருத்துவச் சங்கம் வகுத்து, 2024இல் திருத்திய ஹெல்சிங்கி அறிக்கையும், சேர்ப்பதால் வரக்கூடிய தீங்கோடு விலக்குவதால் வரும் தீங்கையும் எடைபோட வேண்டும் என்கிறது. எனவே ‘சேர்க்கவில்லை’ என்ற முடிவும் விளக்கம் தர வேண்டிய முடிவே.

கேள்வியை அமைக்கும்போதே அழையுங்கள்

மாற்றுத்திறனாளிகள் அடங்கிய ஆலோசனைக் குழுவை எப்போது கூட்டுவது என்று பலர் கேட்பார்கள். ஆய்வுக் கேள்வி இன்னும் திருத்தக்கூடிய நிலையில் இருக்கும்போது என்பதே விடை. நிதி ஒப்புதல் கிடைத்து, கருவியும் வடிவமைக்கப்பட்டு, வினாப்பட்டியலும் அச்சாகிவிட்ட பிறகு அழைக்கப்படும் குழுவுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. ‘எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்ற மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் முழக்கம் இந்தக் கட்டத்தையே முதலில் குறிவைக்கிறது.

கேள்வி மாறினால் ஆய்வே மாறிவிடும். காது கேளாத நோயாளிகள் மருத்துவமனைக்குக் குறித்த நாளில் வருவதில்லை என்று பதிவேடுகள் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ‘அவர்கள் ஏன் சிகிச்சையைத் தொடர்வதில்லை?’ என்று கேட்டால், ஆய்வு அவர்களுடைய மனப்பான்மையையும் அறியாமையையும் அளக்கப் போய்விடும். ‘வருகை நாளை உறுதிசெய்யும் வழி தொலைபேசி அழைப்பு ஒன்று மட்டும்தானா?’ என்று கேட்டால், ஆய்வு மருத்துவமனையின் நடைமுறையை அளக்கும். காது கேளாத ஒருவர் குழுவில் இருந்தால் இரண்டாவது கேள்வி முதல் நாளிலேயே எழுந்துவிடும்.

குழுவில் ஒருவரை மட்டும் அமர்த்தி, அவர் எல்லா வகைக் குறைபாடுகளுக்கும் பேசுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. பார்வையற்றவரின் தேவையும் மனநலச் சிக்கலோடு வாழ்பவரின் தேவையும் ஒன்றல்ல. பிறவியிலேயே சைகை மொழியில் வளர்ந்தவரும் முதுமையில் செவித்திறன் குறைந்தவரும்கூட ஒரே ஏற்பாட்டைக் கேட்கமாட்டார்கள். பெற்றோரும் பராமரிப்பாளரும் மதிப்புமிக்க தகவல் தருவார்கள் என்றாலும், அவர்கள் இருப்பதைக் காட்டி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகக் கணக்குக் காட்டுவது சரியன்று. உறுப்பினர்களின் நேரத்துக்கு, மற்ற வல்லுநர்களுக்குக் கொடுப்பது போலவே ஊதியம் கொடுக்க வேண்டும். இதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை.

விலக்கு விதிகளை வரிவரியாகச் சோதியுங்கள்

முழு முன்மொழிவிலும் மிகுந்த கவனம் கோருவது இந்தப் பகுதிதான். ஆனால் இதுவே முந்தைய ஆய்விலிருந்து அப்படியே நகலெடுக்கப்படும் பகுதியாகவும் இருக்கிறது. ஒவ்வொரு விலக்கு விதிக்கும் எதிரே அதன் காரணத்தை எழுதிப் பாருங்கள். காரணங்கள் மூன்று வகையாகவே அமையும்: பங்கேற்பாளருக்கு உண்மையான ஆபத்து இருப்பது, ஆய்வின் கேள்விக்கு அவருடைய தரவு விடை தர முடியாமல் இருப்பது, ஆய்வாளருக்கு வசதி இல்லாமல் இருப்பது. மூன்றாம் வகை என்று தெரிந்தால் அந்த விதியை நீக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டைச் செய்வது ஆய்வாளரின் கடமை.

‘எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்’, ‘தனியாக வந்துசெல்லக் கூடியவராக இருக்க வேண்டும்’, ‘கைப்பேசிச் செயலியைத் தாமே இயக்க வேண்டும்’ போன்ற சேர்ப்பு விதிகள் குறைபாடு என்ற சொல்லையே பயன்படுத்தாமல் மாற்றுத்திறனாளிகளை விலக்கிவிடும். இவை விலக்கு விதிகளின் பட்டியலில் இடம்பெறாததால் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடுகின்றன. நோய்க்குறியின் பெயரால் விலக்கும் விதியும் இப்படிப்பட்டதே. ‘அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சேர்க்கப்படமாட்டார்கள்’ என்ற வரிக்குப் பதிலாக, ‘தேவையான துணை கொடுக்கப்பட்ட பின்னரும் இந்த ஆய்வின் நோக்கத்தையும் ஆபத்தையும் புரிந்துகொள்ள இயலாதவர்கள்’ என்று எழுதினால், ஒரு பெயர்ப்பட்டைக்கு மாறாக ஒரு திறனே அளவுகோலாகிறது. துணை கொடுக்கும் பொறுப்பும் ஆய்வாளரின் தோளில் ஏறுகிறது.

ஆபத்து உண்மையாகவே இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு டவுன் நோய்க்குறி நல்ல எடுத்துக்காட்டு. 21ஆம் குரோமோசோம் இவர்களிடம் மூன்று படிகளாக இருக்கிறது. அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு என்ற பொருள் மூளையில் படிவதற்குக் காரணமான புரதத்தின் மரபணுவும் அந்தக் குரோமோசோமில்தான் உள்ளது. அதனால் அல்சைமர் நோய் இவர்களுக்கு மிக அதிகமாகவும் இளம் வயதிலும் வருகிறது. அப்படியிருந்தும் அமிலாய்டை அகற்றும் மருந்துகளின் பெரிய சோதனைகளில் இவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் இவர்களுக்கு அமிலாய்டு படிவது வழக்கமாதலால், இந்த மருந்துகளால் இரத்தக் கசிவு நேரும் அச்சம் வெறும் சாக்குப்போக்கு அன்று. ஆனால் அந்த அச்சத்திலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். இவர்களை விட்டுவிடுவது ஒன்று. குறைந்த அளவில் தொடங்கி, அடிக்கடி மூளைப் படமெடுத்துக் கண்காணிக்கும் தனி ஆய்வைத் திட்டமிடுவது மற்றொன்று. முதலாவதைத் தேர்ந்தால், மருந்து சந்தைக்கு வந்தபின் ஒவ்வொரு மருத்துவரும் எந்தச் சான்றும் இல்லாமல் தனித்தனியே முடிவெடுக்க நேரும். ஆபத்து அப்போதும் இருக்கும், கண்காணிப்பு மட்டும் இருக்காது.

எண்ணிக்கையும் அளவீடும்

சேர்ந்தவர்களில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று தெரியாவிட்டால், விலக்கல் நடந்ததா என்பதும் தெரியாது. ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் இயங்கும் வாஷிங்டன் குழு வகுத்த ஆறு கேள்விகள் கொண்ட குறும்பட்டியல் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது: பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவும் கவனமும், தன்னைத் தானே பராமரித்தல், தகவல் பரிமாறுதல். ஒவ்வொன்றுக்கும் ‘சிரமம் இல்லை’ என்பதிலிருந்து ‘அறவே முடியாது’ என்பது வரை நான்கு விடைகள் உள்ளன. ‘உங்களுக்கு ஊனம் உண்டா?’ என்று நேரடியாகக் கேட்டால் வெட்கத்தாலும் அச்சத்தாலும் மறைப்பவர்கள்கூட, செயலில் உள்ள சிரமத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள். இந்தக் கேள்விகளைப் பங்கேற்பாளர் அனைவரிடமும் கேட்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் மாற்றுத்திறனாளி என்று தோன்றுபவர்களிடம் மட்டும் கேட்பது பயன்தராது. மனநலச் சிக்கல்களை இந்த ஆறு கேள்விகள் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், ஆய்வுக்குத் தேவையெனில் விரிவான பட்டியலுக்குப் போக வேண்டும்.

அளவுகோல்களிலும் சாய்வு ஒளிந்திருக்கும். நினைவாற்றலைச் சோதிப்பதாகச் சொல்லும் தொடுதிரைப் பயிற்சி, கை நடுக்கம் உள்ளவரிடம் விரலின் வேகத்தையே அளக்கிறது. சிகிச்சைகளின் பயனை வாழ்க்கைத் தரத்தால் எடைபோட்ட ஆயுள் ஆண்டுகளாகக் கணக்கிடும் முறையில், குறைபாட்டோடு வாழும் ஓர் ஆண்டு தொடக்கத்திலேயே குறைந்த மதிப்பைப் பெறுகிறது. ஆரிகன் மாநிலம் சிகிச்சைகளைத் தரவரிசைப்படுத்தத் தீட்டிய திட்டத்தை அமெரிக்க நடுவண் அரசு 1992இல் திருப்பியனுப்பியதற்கு, குறைபாட்டோடு வாழும் வாழ்க்கையைப் பற்றிய மற்றவர்களின் தாழ்வான மதிப்பீடு அந்த வரிசையில் கலந்திருக்கிறது என்பதே காரணம். உங்கள் ஆய்வில் இத்தகைய அளவுகோல் தவிர்க்க முடியாததாக இருந்தால், அந்த மதிப்புகள் யாரிடம் கேட்டுப் பெறப்பட்டவை என்பதையாவது அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

வரவு செலவும் கருவிகளும்

சைகை மொழிபெயர்ப்பாளர், பிரெய்ல் அச்சு, உடன்வருபவரின் பயணச் செலவு, கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கு முதல் வரைவிலேயே தொகை ஒதுக்க வேண்டும். நீண்ட அமர்வுகளில் மொழிபெயர்ப்பாளர்கள் மாறிமாறிப் பணியாற்றுவதால், பொதுவாக இருவர் தேவைப்படுவார்கள் என்பதையும் கணக்கில் கொள்க. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்ட செலவுக்குப் பின்னால் பணம் இருப்பதில்லை.

இணையவழிப் படிவங்களும் செயலிகளும் இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின் 2.2ஆம் பதிப்புக்கு இணங்க அமைய வேண்டும். 2023இல் வெளியான இப்பதிப்பின் நடுத்தர நிலையில், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்று உள்ளது. தானியங்கிச் சோதனைக் கருவி பச்சை விளக்குக் காட்டினால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அத்தகைய கருவிகள் பிழைகளில் ஒரு பகுதியையே கண்டுபிடிக்கும். திரையில் உள்ளதைக் குரலாக வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவர் படிவத்தைத் தொடக்கம் முதல் இறுதி வரை நிரப்பிப் பார்க்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைப் படமாக வருடி அனுப்புவது, சில நிமிடங்களில் தானாக மூடிக்கொள்ளும் பக்கம், படத்தில் உள்ள எழுத்தைக் கண்டுபிடித்தால்தான் உள்ளே விடும் பூட்டு ஆகியவை இந்தச் சோதனையில் முதலில் பிடிபடும்.

ஒப்புதல்

ஒவ்வொரு வயதுவந்தவருக்கும் முடிவெடுக்கும் திறன் உண்டு என்பதே தொடக்க நிலைப்பாடாக இருக்க வேண்டும். அந்தத் திறனும் முடிவுக்கு முடிவு வேறுபடும்: வினாப்பட்டியலுக்கு விடை சொல்லலாமா என்பதைத் தாமே தீர்மானிக்கக்கூடிய ஒருவருக்கு, மூளை அறுவைச் சோதனையில் சேர்வதைப் பற்றி முடிவெடுக்கத் துணை தேவைப்படலாம். எளிய சொற்களும் படங்களும் கொண்ட படிவம், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பல உரையாடல்கள், நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகில் இருப்பது, எழுத்துப் பலகையோ பேச்சுக்கருவியோ பயன்படுத்துபவருக்கு அவசரமில்லாத நேரம் ஆகியவை அத்தகைய துணைகள்.

புரிந்ததா என்று கேட்டால் அனைவரும் ஆம் என்றே சொல்வோம். எனவே, ‘இந்த ஆய்வில் உங்களுக்கு என்ன செய்வார்கள், பிடிக்காவிட்டால் நீங்கள் என்ன செய்யலாம் என்பதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்’ என்று கேட்பது நல்லது. விடை தவறினால் விளக்கிய முறையை மாற்றி மீண்டும் முயல வேண்டும். ஒரு முறை தவறியதைத் திறனின்மைக்குச் சான்றாக எழுதிவிடக் கூடாது.

துணையிருப்பவர் விளக்கலாம், நினைவூட்டலாம். முடிவைத் தாமே சொல்லக் கூடாது. சட்டப்படி வேறொருவர் ஒப்புதல் அளிக்க வேண்டிய நிலையிலும், பங்கேற்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ கையை இழுத்துக்கொண்டாலோ அதை மறுப்பாக ஏற்று நிறுத்த வேண்டும். காப்பகங்களில் ஆய்வு நடத்தும்போது வேறொரு சிக்கல் உண்டு: அங்கே வாழ்பவர்கள் உணவுக்கும் மருந்துக்கும் ஊழியர்களையே நம்பியிருப்பதால், அந்த ஊழியர் வழியாக அழைப்பு விடுத்தால் மறுக்கும் துணிவு வராது. அழைப்பையும் ஒப்புதலையும் காப்பகத்தோடு தொடர்பில்லாதவர் பெற வேண்டும். மறுத்தவர்களின் பட்டியல் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது.

தரவும் செயற்கை நுண்ணறிவும்

புள்ளியியலில் விலகிய மதிப்புகளை நீக்குவது வழக்கமான துப்புரவு வேலை. ஆனால் மாற்றுத்திறனாளிகளின் அசைவு, பேச்சு, தட்டச்சு வேகம் ஆகியவை சராசரியிலிருந்து விலகியே இருக்கும் என்பதால், அந்தத் துப்புரவில் முதலில் வெளியேறுபவர்கள் அவர்களே. எந்த எல்லைக்கு அப்பாற்பட்ட பதிவுகள் நீக்கப்பட்டன, அவை யாருடையவை என்று பார்க்காமல் ஒரு பதிவையும் நீக்காதீர்கள்.

தரவைக் கூட்டினால் மட்டும் இது சரியாகிவிடாது என்பதற்குக் அனைவரையும் உள்ளடக்கும் வடிவமைப்பை ஆராயும் கனடாவின் ஜுட்டா டிரெவிரானஸ் கூறும் அனுபவம் சான்று. சக்கர நாற்காலியைக் காலால் உந்திப் பின்னோக்கி நகரும் ஒருவரை, ஓட்டுநரில்லா வாகனங்களுக்கான கணினி மாதிரிகள் பாவனைச் சோதனையில் மோதிச்செல்லத் தீர்மானித்தன. சக்கர நாற்காலிகளின் படங்களைக் கூடுதலாகக் கொடுத்துப் பயிற்றிய பிறகு, அதே தவறான முடிவை முன்னைவிட உறுதியோடு எடுத்தன. ஏனெனில் பெரும்பாலான நாற்காலிகள் முன்னோக்கியே நகர்கின்றன என்பதைத்தான் அவை நன்றாகக் கற்றுக்கொண்டன. சராசரித் துல்லியத்தை மட்டும் வெளியிடும் ஆய்வறிக்கையில் இத்தகைய தோல்வி தெரியவே தெரியாது. ஆகவே, ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகவும், எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு தவறையும் விவரித்தும் எழுத வேண்டும். எழுத்தைக் கையாளும் கணினி மொழி மாதிரிகளிலும் சிக்கல் உண்டு: கூகுள் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், குறைபாட்டைக் குறிப்பிடும் இயல்பான வாக்கியங்களுக்குக்கூட நச்சுத்தன்மை, அதாவது பிறரைப் புண்படுத்தும் தன்மை, அதிகம் என்று மாதிரிகள் மதிப்பெண் இட்டது தெரியவந்தது. இணையத்தில் தம் உடல்நிலையைப் பற்றிப் பேசும் ஒருவரின் எழுத்து, இத்தகைய வடிகட்டியால் காரணம் தெரியாமலேயே மறைக்கப்படலாம்.

அரிய குறைபாடு கொண்டவரின் தரவில் பெயரை மட்டும் நீக்கினால் அவர் யார் என்பது மறைந்துவிடாது. அஞ்சல் குறியீடு, பிறந்த நாள், பாலினம் ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று கணினி அறிவியலாளர் லத்தான்யா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டுக் காட்டினார். அரிய நோய்க்குறி ஒன்றும் சேர்ந்துவிட்டால் ஊரின் பெயரே போதும். தரவைப் பொதுவெளியில் வைப்பதற்கு முன், அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து, சிறிய கட்டங்களை இணைத்துவிடுங்கள் அல்லது தரவைக் கட்டுப்பாட்டோடு மட்டும் பகிருங்கள். விசைப்பலகையைத் தட்டும் தாளத்திலிருந்து நடுக்குவாதத்தை ஊகிக்கும் ஆய்வுகள் வந்துவிட்ட நிலையில், ஒரு காரணத்துக்காகப் பெற்ற தரவிலிருந்து பங்கேற்பாளர் சொல்லாத குறைபாட்டைக் கண்டறிவதற்குத் தனி ஒப்புதல் தேவை. காப்பீட்டு நிறுவனமோ வேலை தருபவரோ அதைப் பெறமாட்டார்கள் என்ற உறுதியையும் எழுத்தில் தர வேண்டும்.

ஆய்வு முடிந்த பிறகு

செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய செயற்கை விழித்திரைக் கருவி உலகெங்கும் 350க்கு மேற்பட்ட பார்வையற்றவர்களுக்குப் பொருத்தப்பட்டது. நிறுவனம் 2019இல் அந்தக் கருவியைக் கைவிட்டு, அடுத்த ஆண்டே பெரும்பாலான ஊழியர்களையும் பணியிலிருந்து நீக்கியது. பழுதானால் சரிசெய்ய ஆளில்லாத, மாற்று உதிரிபாகம் கிடைக்காத கருவி பயனாளர்களின் கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. உடலில் பொருத்தும் கருவியையோ அன்றாட வாழ்வு சார்ந்திருக்கப்போகும் மென்பொருளையோ சோதிக்கும் எந்த ஆய்விலும், சில கேள்விகளுக்கான விடை ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும்: ஆய்வு முடிந்தபின் கருவி யாருக்குச் சொந்தம், எத்தனை ஆண்டுகள் பராமரிக்கப்படும், அகற்ற வேண்டுமானால் அறுவைச் செலவு யாருடையது, நிறுவனம் மூடப்பட்டால் தொழில்நுட்ப விவரங்கள் யாரிடம் ஒப்படைக்கப்படும். விடை தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டுச் சேர்வதா வேண்டாமா என்று பங்கேற்பாளர் முடிவெடுக்கட்டும்.

முடிவுகளைப் பங்கேற்பாளர்களுக்குத் திருப்பித் தருவதும் இதே திட்டத்தில் சேர வேண்டும். எளிய மொழிச் சுருக்கம், ஒலிப்பதிவு, சைகை மொழிக் காணொளி ஆகியவற்றுள் எது வேண்டும் என்பதை ஆய்வில் சேரும் நாளிலேயே அவரவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கான தொகையையும் வரவு செலவுத் திட்டத்தில் ஏற்றிவிடுங்கள். ஆலோசனைக் குழுவில் இருந்தவர்கள் பகுப்பாய்விலும் எழுத்திலும் பங்கெடுத்திருந்தால் நன்றியுரையில் ஒரு வரியோடு நிறுத்திவிடாமல், கட்டுரையின் ஆசிரியர்களாக அவர்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். பெயர் வெளிவருவதால் தம் குறைபாடும் வெளியே தெரியும் என்பதால் சிலர் அதை விரும்பமாட்டார்கள். ஆகவே கட்டுரையை அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.